சீடர் பாயிண்டில் இடம் தீர்ந்துவிட்டதா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல்திட்டின் மேல் இருக்கிறது சீடர் பாயிண்ட் கேளிக்கைப் பூங்கா. 1870இல் ஏரிக் குளியலுக்கு வருபவர்களை நம்பித் தொடங்கிய இடம், இன்று 364 ஏக்கர். ரோலர் கோஸ்டர் பிரியர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சுற்றிலும் தண்ணீர், இடம் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீடுகளை வாங்க வேண்டும், இல்லையென்றால் ஏரியைத் தூர்க்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் பூங்காவுக்கு எதிர்காலம் இல்லை. இதைச் சொல்பவர்கள் பூங்காவின் மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அவர்கள் சொல்வதில் எந்தப் பகுதியும் நிற்காது.

முதலில், இடம். சாண்டஸ்கி நகரப் பக்கமிருந்து பாலச்சாலை வழியாக வருபவர் ராட்டினங்களுக்கு முன்னால் பார்ப்பது கார் நிறுத்துமிடத்தை. நிலத்தில் கணிசமான பகுதி வெறும் தார்த்தரையாகக் கிடக்கும்போது 'இடமே இல்லை' என்பது எப்படிச் சரியாகும்? பூங்காவின் வரலாறும் வேறு கதை சொல்கிறது. ஒயிட் வாட்டர் லேண்டிங் என்ற படகுச் சறுக்கு நின்ற இடத்தில் 2007இல் மேவரிக் கோஸ்டர் வந்தது. டிசாஸ்டர் டிரான்ஸ்போர்ட்டும் ஸ்பேஸ் ஸ்பைரல் கோபுரமும் இடிக்கப்பட்ட பிறகு, 2013இல் கேட்கீப்பர் வந்து நுழைவாயிலுக்கு மேலேயே பறந்தது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சாட்சி ஸ்டீல் வென்ஜன்ஸ். 1991இல் கட்டிய மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர், உடம்பை உலுக்கி எடுக்கிறது என்று பெயர் கெட்டு 2016இல் மூடப்பட்டது. அதன் மரச் சட்டங்களில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டே மேலே எஃகுத் தண்டவாளம் பதித்தார்கள். 161 அடியாக இருந்தது 205 அடியாக உயர்ந்தது. நான்கு இடங்களில் பயணியைத் தலைகீழாகப் புரட்டுகிறது. 2018இல் திறந்ததிலிருந்து அதற்காகவே கடல் தாண்டி வருகிறார்கள். இத்தனைக்கும் ஏறத்தாழ அதே பழைய இடம் போதுமானதாக இருந்தது.

அகலத்தில் கிடைக்காததை உயரத்தில் தேடிய பூங்கா இது. 1989இல் மேக்னம் 200 அடியைத் தாண்டியது, 2000இல் மில்லேனியம் ஃபோர்ஸ் 300 அடியை, 2003இல் டாப் த்ரில் டிராக்ஸ்டர் 400 அடியை. முழுச் சுற்றுப் பாதை கொண்ட கோஸ்டர்களில், மூன்றுமே அந்தந்த உயரத்தை உலகில் முதலில் கடந்தவை. 2024இல் டிராக்ஸ்டரின் பழைய பாதையின் மறுமுனையில் இன்னொரு 420 அடிக் கோபுரம் எழுந்தது. அது திறந்த சில நாட்களிலேயே நின்றுபோய் 2025இல்தான் மீண்டும் ஓடியது என்பது உண்மை. அதற்குக் காரணம் இயந்திரம், நிலம் அல்ல.

அடுத்து, அந்த வீடுகள். மணல்திட்டின் கழுத்துப் பகுதியில், ஷோசே எனப்படும் பழைய கரைச்சாலையை ஒட்டித் தனியார் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் விரிகுடா, நடுவே ஒரு ஒடுங்கிய பட்டை. அத்தனையையும் வாங்கினாலும் பெரிய ராட்டினத்துக்கு ஏற்ற மனை சேராது. விற்க மாட்டேன் என்பவரிடமிருந்து அரசை ஏவிப் பிடுங்கவும் முடியாது. ஊர்ப் பொருளாதாரம் வளரும் என்ற காரணம் மட்டும் ஒருவர் வீட்டைக் கையகப்படுத்தப் போதாது என்று 2006இல் நார்வுட் வழக்கில் ஒஹையோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிலம் கூடினால் ஆயுள் கூடும் என்பவர்கள் அதே மாநிலத்தில் இருந்த ஜியாகா ஏரிப் பூங்காவைப் பார்க்க வேண்டும். ஏரியின் ஒரு கரையில் ராட்டினங்கள், எதிர்க்கரையில் சீ வேர்ல்ட் பூங்கா. 2001இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் எதிர்க்கரையையும் வாங்கி இரண்டையும் ஒரே பூங்காவாக்கியது. ஏரியைச் சுற்றி நிலத்துக்குக் குறைவே இல்லை. 2004இல் அதை 14.5 கோடி டாலருக்கு வாங்கியது சீடர் பாயிண்டை நடத்திய அதே சீடர் ஃபேர் நிறுவனம். 2007 பருவம் முடிந்ததும் ராட்டினங்களை மூடியது. எஞ்சிய நீர்விளையாட்டுப் பூங்காவையும் 2016இல் மூடியது. தாராளமாக நிலம் இருந்த பூங்கா போய்விட்டது. இட நெருக்கடியில் இருந்தது நிற்கிறது.

இனி ஏரிக்கு வருவோம். 'கரை அவர்களுடையது, எதிரே இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் மண் கொட்டினால் என்ன?' என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார்கள். கரை அவர்களுடையதாக இருக்கலாம். ஏரியின் அடித்தரை அவர்களுடையது அல்ல. ஈரி ஏரியில் ஒஹையோவின் எல்லைக்குள் வரும் நீரும் அதன் அடியில் உள்ள மண்ணும் மக்களுக்காக மாநிலத்தின் பொறுப்பில் இருப்பவை என்று சட்டமே சொல்கிறது. கரையோர நில உரிமையாளர்கள் தொடுத்த மெரில் வழக்கில் 2011இல் தீர்ப்பு வந்தது. காற்றும் புயலும் இல்லாத நாளில் தண்ணீர் வழக்கமாக நிற்கும் கோடுதான் எல்லை. அதற்கு மேலே மாநிலம் கை வைக்கக் கூடாது, அதற்குக் கீழே தனியாருக்குச் சொந்தம் இல்லை. மண் கொட்டித் தரையாக்கினாலும் பட்டா மாறாது. படுகையில் எதையாவது கட்ட மாநிலத்திடம் குத்தகை வேண்டும். மண் கொட்ட ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதியும் வேண்டும்.

ஏரிப் படுகை மக்களுடையது என்ற இந்தக் கொள்கைக்கு வேர் சிகாகோவில் இருக்கிறது. 1869இல் இல்லினாய் சட்டமன்றம் மிச்சிகன் ஏரிப் படுகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு ரயில் நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்தது. 1873இல் அதைத் திரும்பப் பெற்றது. பெற்றது சரியே என்று 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1996 டிசம்பரில், பியாஸ் ஆற்றின் போக்கைத் திருப்பிய விடுதி மீதான வழக்கில் நம் இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியது இந்தத் தீர்ப்பைத்தான். ஆறும் ஏரியும் எவருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடியவை அல்ல என்ற அந்தக் கொள்கை நமக்கும் சட்டம். அதனால் சீடர் பாயிண்ட் பேச்சை அயலூர்ச் சங்கதி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சட்டத்தை விட்டாலும் ஏரி விடாது. ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. பலத்த காற்றடித்தால் தாம்பாளத் தண்ணீர் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்ந்து கரையேறும். 2019இல் நீர்மட்டம் அதுவரை பதிவானதிலேயே உச்சத்தைத் தொட்டது. சீடர் பாயிண்ட் நிற்பது பாறை மேல் அல்ல, அலை ஒதுக்கிய மணல் மேல். மணலின் ஓட்டத்தை மறித்து ஒரு பக்கம் தரை சேர்த்தால் இன்னொரு பக்கம் கரை அரிக்கும்.

பூங்கா நிறுவனமே தன் விளையாட்டுத் திடல்களை 2017லும் உள்ளரங்கத்தை 2020லும் எதிரே உள்ள நிலப்பரப்பில், சாண்டஸ்கி நகரில்தான் அமைத்தது. இன்னும் இடம் வேண்டுமென்றால் அங்கே தேடட்டும், அல்லது தன் கார் நிறுத்துமிடத்தில் கட்டட்டும். ஏரியில் ஒரு ஏக்கர்கூடக் கொடுக்கக் கூடாது.