கடைசி நாளிலிருந்து தொடங்கும் திட்டம்

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு மூன்று நாள் பயணம் போக நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது மலிவான விமானச் சீட்டைத்தான். பிறகு தங்கும் விடுதி, அதற்குப் பிறகு சாப்பாடு. கடலில் என்ன செய்வது என்பது படகுத்துறைக்குப் போன பின்னரே முடிவாகிறது. மணலில் விளையாடித் திரும்பும் பயணத்திற்கு இந்த வரிசை போதும். ஸ்கூபா முக்குளிப்பும் திட்டத்தில் இருந்தால், இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

இது வெறும் வசதிக்காகச் சொல்லப்படுவதன்று; உடலைப் பற்றியது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் தரையில் உள்ளதைவிட இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அப்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். ஆனால், முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும்.

அதற்குள் ஒருவர் விமானத்தில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் தரையில் உள்ளதைவிடக் குறைவு. ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். மூடியைத் திறந்த சோடா போத்தலில் குமிழிகள் பொங்குவதைப் போல, உடலில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறக்கூடும். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் எனத் தொடங்கும் இந்த நோய், கடுமையானால் பக்கவாதம் வரை கொண்டுபோகும். ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்புத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். பயிற்றுநர்கள் பலர் பாதுகாப்பு கருதி 24 மணி நேரம் என்றே சொல்வார்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் இரண்டாம் நாள் இரண்டு முறை முக்குளித்து, பிற்பகல் 3 மணிக்குக் கரையேறுகிறது. மூன்றாம் நாள் காலை 8 மணி விமானம் மலிவாகக் கிடைத்தது என்பதால் முன்பே அதை வாங்கிவிட்டது. இடையில் இருப்பது 17 மணி நேரம். ஒரு மணி நேரம் குறைகிறது. சீட்டை மாற்றப் பணம் கட்ட வேண்டும். முக்குளிப்பைக் கைவிட்டால் அந்தப் பணமும் போகும். "ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்?" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. மாலை 5 மணி விமானத்தை முதலிலேயே வாங்கியிருந்தால் 26 மணி நேரம் கிடைத்திருக்கும். அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

"அன்றிரவே விமானம் ஏறியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் வாதிடுவர். உண்மைதான்; விதியை மீறும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆழம், நீருக்கடியில் இருந்த நேரம், உடல்நிலை, சோர்வு எனப் பல காரணங்கள் அதைத் தீர்மானிக்கின்றன. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். விமானம் நடுவானில் இருக்கும்போது கை மரத்துப்போனால், உயர் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அங்கிருந்து எப்படிப் போவது?

கோத்தா கினபாலுவுக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கடலும் மலையும் அருகருகே இருக்கின்றன. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையைப் பார்க்காமல் திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? அதனால், ஒரு நாள் கடல், மறுநாள் காலையிலேயே வேனில் ஏறி இரண்டு மணி நேரத்தில் மலை என்று பலர் திட்டமிடுகின்றனர். கினபாலு பூங்காவின் நுழைவாயில் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. முக்குளித்தவரின் உடலுக்கு விமானத்தில் ஏறுவதும் வேனில் மலையேறுவதும் ஒன்றுதான். இரண்டிலும் அழுத்தம் குறைகிறது. ஆகவே, நான்கு நாள் இருப்பவர்கள் முதலில் மலைக்கும் பிறகு கடலுக்கும் போகலாம். மூன்று நாள்தான் என்றால் ஒன்றை விட்டுவிடுவதே நல்லது.

மூன்று நாளில் முக்குளிக்கவே வேண்டாம், முகக்கவசமும் மூச்சுக்குழாயும் அணிந்து மேற்பரப்பில் நீந்தும் ஸ்நோர்க்கலிங் போதும் என்பது மற்றொரு கருத்து. இது சற்று மிகையான எச்சரிக்கை. துங்கு அப்துல் ரஹ்மான் பூங்காவின் ஐந்து தீவுகளான காயா, சாப்பி, மானுக்கான், மாமுத்திக், சுலுக் ஆகியவை நகரத்தின் எதிரிலேயே இருக்கின்றன. ஜெசல்டன் முனைப் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் கால்மணி, இருபது நிமிடப் பயணம்தான். 1974இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியின் பெரும்பங்கு கடலே. இதுவரை முக்குளித்திராதவர்களுக்கென அங்கே அறிமுக முக்குளிப்பு நடத்தப்படுகிறது. பயிற்றுநர் உடனிருக்க, 12 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் அது நடைபெறும். பத்து வயது நிரம்பியவர்கள் கலந்துகொள்ளலாம். குறுகிய பயணத்திற்கு இது பொருத்தமானது. பொருந்தாதது, இதே மூன்று நாளில் முழுப் பயிற்சியையும் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம். அதற்கு வழக்கமாக மூன்று நான்கு நாள் தேவை. சிப்பாடான் தீவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்போர் வரைபடத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். அது சபாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது; கோத்தா கினபாலு இருப்பதோ மேற்குக் கரையில்.

புறப்படுவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. அது உடல்நலக் கேள்விப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் அறுவைச் சிகிச்சை போன்றவற்றைப் பற்றி அதில் கேட்பார்கள். "ஆம்" என்று பதில் எழுதுபவர் மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும். படகுத்துறையில் முதன்முறையாக இந்தப் படிவத்தைப் பார்க்கும் இளைஞர் என்ன செய்வார்? நண்பர்கள் உயிர்க்காப்பு உடையோடு காத்திருக்கின்றனர், பணம் கட்டியாயிற்று, பயிற்றுநர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "இல்லை" என்று எழுதிவிடத்தான் தோன்றும். அந்தத் தாளை இரண்டு வாரத்திற்கு முன்பே வீட்டு மேசையில் அம்மா அப்பாவோடு அமர்ந்து நிரப்பினால், பொய் எழுதும் நெருக்கடி இல்லை. மருத்துவரைப் பார்க்கவும் நேரம் இருக்கிறது. சளி பிடித்திருந்தாலும் இறங்கக் கூடாது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் செவிப்பறை காயப்படலாம். காது வலிக்கிறது என்று கைச்சைகை காட்டி மேலே வருபவரைக் கோழை என்று கேலி செய்யும் குழுவோடு கடலுக்குப் போகாமல் இருப்பதே மேல்.

வானிலையைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காற்றினால் இரண்டாம் நாள் படகு போகவில்லை என்றால், முக்குளிப்பை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவைக்க முடியாது. மாலையில் விமானம் இருக்கிறது. ஆனால், ஸ்நோர்க்கலிங் போகலாம். மேற்பரப்பிலேயே மிதந்து சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்கு இந்த 18 மணி நேரக் கணக்கு இல்லை. பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று: கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், சபாவில் சூரியன் கோலாலம்பூரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாக மறைகிறது. மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும். ஆகவே, கடல் வேலை காலையில் தொடங்க வேண்டும்.

இப்படி எண்ணினால் மூன்றாம் நாள் வெறுமையாகப் போய்விடுமே என்று வருந்துவோர் வெள்ளிக்கிழமை புறப்படலாம். மூன்றாம் நாள் ஞாயிறாக அமையும். அன்று காலை நகரின் காயா தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சந்தை கூடுகிறது. பழங்கள், செடிகள், கைவினைப் பொருள்கள் என்று தெரு நிறைந்திருக்கும். முந்திய நாள் கடலில் கரைந்த நைட்ரஜன் உடலைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், ஒரு கிண்ணம் மீ சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுத் தெருவின் இரு பக்கமும் நிதானமாக நடந்து பார்க்கலாம். மாலை விமானத்திற்கு இன்னும் பல மணி நேரம் இருக்கும்.