மேசைக் கேடயமும் போர்க் கேடயமும்

நாம் பணியாற்றும் கல்லூரியின் தமிழ்த்துறை அலமாரியில் பதினேழு கேடயங்கள் இருக்கின்றன. பேச்சுப்போட்டி, கவிதைப்போட்டி, சுழற்கேடயம் என அனைத்தும் மேசைக்கு உரியவை. இருபது ஆண்டுகளாகப் புறத்திணை நடத்திவரும் நாம் போர்க்கேடயத்தைக் கையில் பிடித்தது சென்ற ஆடி மாதத்தில்தான். அதுவும் ஒரு மாணவரின் விரல் முறிந்த பின்பு.

1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை ஆடிப்பெருக்கன்று நினைவுகூர்வது கொங்கு நாட்டு வழக்கம். அதற்கான நாடக ஒத்திகையில் மாணவர்கள் தகரக் கேடயமும் மூங்கில் வாளுமாக மோதினார்கள். ஒருவர் கேடயத்தை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். எதிரே வந்த அடியை அவர் பார்க்கவே இல்லை. பயிற்சியின்றி அவர்களைக் களத்தில் இறக்கிய பிழை நம்முடையது.

அதன்பின் சிலம்பம் கற்பிக்கும் முதிய ஆசான் ஒருவரை அழைத்துவந்தோம். "மூஞ்சிய மறைச்சுட்டா அடி எங்கிருந்து வருதுன்னு எப்படிக் கண்ணு தெரியும்?" என்றார் முதல் நாளே. கேடயத்தை உடலைவிட்டுச் சற்று முன்தள்ளிப் பிடிக்க வேண்டும். விளிம்புக்கு மேலாக எதிராளியின் தோளைக் கவனிக்க வேண்டும். வாள் வீசுவதற்குக் கை நீளும் கணத்தில்தான் உடல் திறந்து கிடக்கிறது. அப்போது கேடயமும் அந்தக் கையோடு சேர்ந்து செல்ல வேண்டும். நாமும் பிடித்துப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தில் இடத்தோள் கடுத்து, கேடயம் தானாகத் தாழ்ந்தது.

சங்கப் பாடல்களில் 'தோல்' என்னும் சொல் கேடயத்தையும் குறிக்கும். வகுப்பில் அப்படிப் பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். அது எவ்வளவு கனக்கும், எவ்வளவு நேரம் தாங்க முடியும், தாழ்ந்தால் என்ன ஆகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தோள்வலியோடு புறநானூற்றைத் திறந்தபோது, வெற்றியைப் பாடும் செய்யுள்களைவிட, மகனையும் கணவனையும் இழந்தோரைப் பற்றிய செய்யுள்களே நமக்கு நெருங்கி வந்தன.

பிற இடங்களில் இதை முறையாகவே கற்கிறார்கள். 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் தோன்றிய ஓர் அமைப்பினர் இடைக்கால ஐரோப்பியப் போர்முறையைப் பிரம்பு வாளும் கேடயமும் கொண்டு பயில்கிறார்கள். தலைக்கவசமின்றி எவரும் களம் புக முடியாது. பிரம்பு நம் சிலம்பத்துக்கும் உரிய பொருள்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் களரிகளில் வாளும் பரிசையும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில், கேடயம் ஏந்தி ஆடும் மணிப்பூரின் தாங்-தாவும் இடம்பெற்றது.

"சின்னமலையின் காலம் பீரங்கியின் காலமாயிற்றே, கேடயம் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். துப்பாக்கிக் குண்டைத் தோல் கேடயம் தடுக்காது. அந்தக் கையறு நிலையையும் மேடையில் காட்டலாமே என்பது நம் விடை. நம் நாடகங்களிலோ வாள்கள் மின்னும், வசனம் முழங்கும், எதிரிகள் வரிசையாக விழுவர். நாயகனுக்கு அச்சமும் இல்லை, களைப்பும் இல்லை. இப்படி வலியே அறியாத வீரத்தைப் பார்த்து வளரும் இளைஞர் சிலர், அதைத் தம் சாதிப் பெருமையாக்கிச் சுவரொட்டிகளில் வாளேந்தி நிற்பதில் வியப்பென்ன? கேடயம் பிடித்துத் தோள் தளர்ந்தவருக்கு எதிரில் நிற்பவனின் தோளும் தளரும் என்பது தெரியும்.

எனவே போர்க்காட்சி அமைக்கும் கல்லூரிகளுக்கு நம் வேண்டுகோள் இது: ஒரு மாதமேனும் முன்பாக ஓர் ஆசானை அழையுங்கள்; தலைக்கும் விரல்களுக்கும் காப்பு வாங்குங்கள்; முதலில் தடுக்கவும் பிறகு அடிக்கவும் கற்பியுங்கள். புறத்திணை நடத்தும் ஆசிரியரும் ஒருநாள் அந்த வரிசையில் நிற்கட்டும்.

விரல் கூடிய அம்மாணவர் இவ்வாண்டும் நடிக்கப் பெயர் கொடுத்திருக்கிறார். கேடயம் ஏந்தும் வேடமே வேண்டுமாம்.