உருவம் குலைக்கும் மருந்து

'மூளையைத் தின்னும் அமீபா.' 2024இல் கேரளச் செய்திகளைத் தமிழாக்கியவர்களுக்கு இந்தத் தொடர் மனப்பாடம். திகிலூட்டப் பொருத்தமான சொற்கள்தான். ஆனால் படித்து முடித்தவர் மனதில் பயம் தங்குகிறது. பிழைக்கும் வழி தங்குவதில்லை.

அமீபா என்பதன் கிரேக்க வேருக்கு 'மாற்றம்' என்று பொருள். நெக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபா பெயருக்கேற்றபடியே நடக்கிறது. வெதுவெதுப்பான நன்னீரில் போலிக்கால்களை நீட்டி ஊர்ந்து, பாக்டீரியாவைத் தின்று, இரண்டாகப் பிளந்து பெருகும். இரை குறைந்தால் சாட்டை போன்ற இழைகள் முளைத்து நீந்தும். குளிர் வந்தால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டி உறங்கும். குளிப்பவரின் மூக்கில் நீர் ஏறினால் நுகர்ச்சி நரம்பு வழியாக மூளையை அடையும். உலக அளவில் இந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் இறந்திருக்கிறார்கள்.

2024 ஜூலையில் திருவனந்தபுரம் மாவட்டம் அதியன்னூரில் குளத்தில் குளித்த இளைஞர் ஒருவர் இறந்தார். அடுத்து நோய் கண்ட சிலர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்கள். இம்முறை டாக்டர்கள் ஆரம்பத்திலேயே அமீபாவைச் சந்தேகித்தார்கள். கொடுத்த மருந்துகளில் மில்டெஃபோசினும் ஒன்று.

இந்த மருந்தின் பயணம் விசித்திரமானது. 1980களில் ஜெர்மனியில் புற்றுநோய்க்காக உருவானது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிறகு பீகாரின் ஏழைகளை வாட்டிய காலா அசார் காய்ச்சலுக்கு உதவும் என்று தெரிந்தது. 2002இல் இந்தியா அதற்கு அனுமதி அளித்தது. 2013இல் அமெரிக்காவில் அமீபா தாக்கிய சிறுமி பிழைத்ததிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஒட்டுண்ணியின் உடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து, அதன் கட்டுமானத்தையே இது கெடுக்கிறது. ஆய்வுக்கூடத்தில் மருந்து பட்ட அமீபா கால் நீட்ட முடியாமல் உருண்டு, பெருக்கம் நின்று, சிதைகிறது. உருவம் மாற்றியே பிழைப்பதற்கு உருவமே இல்லாமல் போகிறது.

சிக்கல் என்னவென்றால், அரிதான நோய்க்கான மருந்தைக் கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. கேரளம் 2024 ஜூலை இறுதியில் இதை ஜெர்மனியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. இந்த நோயோ சில நாட்களில் ஆளை முடித்துவிடும்.

எனவே மருந்துக்கும் முன்னால் ஒரு வாக்கியம் வேண்டும். தேங்கிய நீரில் குளித்த சில நாட்களில் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "குளத்தில் குளித்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.