நல்லெண்ணம் இருக்கட்டும், தேதி எங்கே?



கடைசியாக நடந்த பேச்சுவார்த்தைக்குச் சங்கத்தின் சார்பில் போனவர்களில் நானும் ஒருவன். கோட்டாட்சியர் அலுவலகத்தில் மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பாக்கி எப்போ வரும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. "எங்க நல்லெண்ணத்தை நீங்க சந்தேகப்படக் கூடாது" என்று ஆலைத் தரப்பில் வந்தவர் நாலு தடவை சொன்னார். கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அதில் 'விரைவில் வழங்கப்படும்' என்று இருந்தது. தேதி இல்லை, வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டோம்.

அதுக்கு நம்ம ஊரிலேயே சிலர் வருத்தப்பட்டார்கள். "அவ்வளவு மரியாதையா பேசினாங்க, நீங்கதான் முரண்டு பிடிச்சிட்டீங்க" என்றார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நல்லெண்ணம் என்றால் என்ன? முதலில் நம்ம பக்கத்தைப் பார்ப்போம். ஆலையில் பதிவு செய்த கரும்பை வெல்லம் காய்ச்சுகிறவர் ரொக்கம் தருகிறேன் என்று வந்து கேட்டும் நாம் கொடுக்கவில்லை. கட்டிங் ஆர்டர் வரட்டும் என்று காத்திருந்தோம். ஆர்டர் தள்ளிப்போய், கரும்பு பூவெடுத்து, எடை குறைந்தும் காத்திருந்தோம். வெட்டுக்கூலியை நகை வைத்துக் கொடுத்தோம். வண்டி ஆலை வாசலில் வெயிலில் நின்று காய்ந்த பிறகு எடை மேடையில் என்ன எழுதினார்களோ அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். இது நல்லெண்ணம் இல்லை என்றால் வேறு எது?

இனி ஆலையின் பக்கம். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை தெளிவாகச் சொல்கிறது. கரும்பு வாங்கிய 14 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. கொடுக்காவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூல் செய்ய மாவட்ட ஆட்சியருக்கு வழி உண்டு. ஒரு ஏக்கருக்கு 40 டன், டன் 3,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 1,20,000 ரூபாய் ஆகிறது. மாசத்துக்கு வட்டி மட்டும் 1,500 ரூபாய். ஆறு மாசம் இழுத்தால் 9,000. ஏக்கருக்கு இவ்வளவு ரூபாயை நாம் ஆலைக்குக் கைமாத்தாகக் கொடுத்து வைத்திருக்கிறோம், எழுத்துக் கேட்காமல்! அவர்களோ "சர்க்கரை விலை சரியில்லை, மனசு இருக்கு, பணம் இல்லை" என்கிறார்கள்.

இதே வார்த்தையைக் கூட்டுறவுச் சங்கத்தில் போய் நாம் சொல்லிப் பார்ப்போமா? "செயலாளர் ஐயா, கட்டணும்கிற எண்ணம் எனக்கு நிறைய இருக்கு." கெடு தேதி தாண்டிவிட்டால் வட்டியில்லாக் கடன் என்ற சலுகை போய்விடும். அடுத்தது நோட்டீஸ். அங்கே நம்ம மனசை யாரும் எடை போடுவதில்லை, தேதியைத்தான் பார்க்கிறார்கள். அதே தேதியை ஆலையிடம் கேட்டால் மட்டும் முரண்டா?

வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். சட்டத்துக்குள்ளேயே இந்த வார்த்தைக்கு ரெண்டு அளவுகோல் இருக்கிறதாம். 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகக் கொள்ள முடியாது என்றது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையேதான் சொல்கிறது. ஆனால் மத்திய அரசின் மற்ற சட்டங்களைப் படிக்கப் பயன்படும் 1897 பொது விதிகள் சட்டம் வேறு மாதிரி. நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணமே என்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடையைத் திறந்துவிட்டுத் தூங்கிப்போய், பக்கத்து வயலை மூழ்கடித்தவன் "எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை" என்றால் ஊர் விட்டுவிடுமா?

அதிகாரிகளைக் காப்பாற்றும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நேர்மையான ஒரு வி.ஏ.ஓ. பயிர்ச்சேதக் கணக்கில் பிசகினால் அவரைக் கோர்ட்டுக்கு இழுப்பது நியாயமில்லை. 1955 அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நம்ம கரும்பு ஆணையே அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். ஆனால் 2020 வேளாண் வணிகச் சட்டத்தில் என்ன செய்தார்கள்? 13ஆம் பிரிவில், நல்லெண்ணத்தில் செய்ததற்காக அரசு மீதும் அதிகாரி மீதும் மட்டுமல்ல, 'வேறு எந்த நபர்' மீதும் வழக்கு இல்லை என்று எழுதினார்கள். 15ஆம் பிரிவில், அந்தச் சட்டப்படி அதிகாரிகள் தீர்க்க வேண்டிய தகராறுகளை சிவில் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று அடைத்தார்கள். கதவையும் சாத்தி, சாவியையும் அவர்களே வைத்துக்கொள்வது இது.

டெல்லி எல்லையில் நம்ம விவசாயிகள் ஒரு வருஷத்துக்கும் மேல் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரிக்குள் 11 சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்தது. ஒவ்வொரு முறையும் நல்லெண்ணம் பேசப்பட்டது. சட்டங்களை ஒன்றரை வருஷம் நிறுத்தி வைக்கிறோம் என்றுகூடச் சொன்னார்கள். ரத்து என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. 2021 நவம்பரில் ரத்து செய்த பிறகும் விவசாயிகள் உடனே கூடாரத்தைப் பிரிக்கவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி அரசிடமிருந்து எழுத்தில் கடிதம் வந்த பிறகுதான் கிளம்பினார்கள். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கமிட்டி போடுவதாக அந்தக் கடிதத்தில் இருந்தது. கெடு தேதி இல்லை. கமிட்டி அமைத்தது 2022 ஜூலையில். அது அமைந்த விதத்தைப் பார்த்துவிட்டு சம்யுக்த கிசான் மோர்ச்சா அதில் சேர மறுத்தது. எழுத்தில் வாங்கினாலும் தேதி வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆலையில் உட்கார்ந்திருப்பவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் மனசுக்குள் போய்ப் பார்க்க எனக்கு வழியுமில்லை, அவசியமுமில்லை. பணம் இல்லை என்றால் இருப்பில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, விற்ற பணம் எங்கே போனது என்று கணக்கைக் காட்டட்டும். மொத்தமாக முடியாவிட்டால் மூணு தவணையாகக் கொடுக்கட்டும், மூணுக்கும் தேதி போடட்டும். சிறு விவசாயிக்கு முதலில் கொடுக்கட்டும். அப்படி ஒரு தாள் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடத் தயார் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம். பேச்சுவார்த்தையை நாங்கள் முறிக்கவில்லை.

காத்திருப்புப் போராட்டத்துக்கு வருகிறவர்கள் எடைச்சீட்டு, பதிவுச்சீட்டு, பேங்க் பாஸ்புக் மூணுக்கும் நகல் எடுத்து வாருங்கள். பந்தலிலேயே ஆளுக்கு ஆள் 15 சதவீத வட்டியைக் கணக்குப் போட்டு, தனித்தனி மனுவாக ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். எடைச்சீட்டு தொலைந்தவர்கள் ஃபீல்டுமேனிடம் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் கேட்ட நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.