படை புகுந்த வழியும் பகை மீண்ட வழியும்

காஞ்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பேருந்துகள் திருப்பெரும்புதூரைக் கடந்தே செல்கின்றன. இராமாநுசர் பிறந்த ஊர் எனப் பன்னூறு ஆண்டுகளாகப் பெயர்பெற்ற அவ்வூருக்கு, 1991 மே 21 அன்று இரவு மற்றோர் அடையாளமும் சேர்ந்தது. தேர்தல் கூட்டத்தில் பேச வந்த முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அருகில் நின்ற காவலர்களும் பொதுமக்களும் அவருடன் மாண்டனர். இலங்கைக்கு அமைதிப் படையை அனுப்பியதால் விளைந்த பகையே இக்கொலைக்குக் காரணம் என்பதை 1999இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் சுட்டியது. கடல் கடந்து சென்ற ஒரு முடிவு, நான்கே ஆண்டுகளில் நம் வாசலுக்குத் திரும்பி வந்து உயிர் குடித்தது. இதை எண்ணிப் பார்க்கும் கடமை காஞ்சி மண்ணில் வாழும் நமக்கு இல்லையா?

அன்று நோக்கம் தீயதன்று. 1987 ஜூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாண மக்களுக்கு உணவுப் பொருள்களை வானிலிருந்து இட்டன. ஜூலை 29இல் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தமிழ் மக்களைக் காக்கவே படை சென்றது. யாழ்ப்பாணத்தார் அதை மாலையிட்டு வரவேற்கவும் செய்தனர். ஆனால் அவ்வாண்டு அக்டோபரிலேயே அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே உயிர் நீத்தனர்.

எதிர்பாராத விளைவுகள் அத்துடன் நிற்கவில்லை. அந்நியப் படை வந்துவிட்டது என்ற சினத்தை எரிபொருளாக்கித் தென்னிலங்கையில் ஜே.வி.பி. கிளர்ச்சி மூண்டது, அதனை அடக்கும் பெயரால் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டனர். ஒருவரையொருவர் அழிக்க முனைந்த பிரேமதாசா அரசும் புலிகளும், இந்தியப் படையை வெளியேற்றுவதற்காகச் சிறிது காலம் கைகோத்தனர். 1990 மார்ச் 24இல் கடைசி வீரரும் கப்பலேறினார். அப்படையின் நிழலில் அமைந்த வடகிழக்கு மாகாண அரசும் அம்மாதத்திலேயே சரிந்தது. ஜூன் மாதம் மீண்டும் போர் வெடித்தது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் புலிகளால் தம் மண்ணிலிருந்து துரத்தப்பட்டனர். இக்கொடுமைகளின் பழி அவற்றைச் செய்தவர்களையே சாரும். ஆயினும், சமநிலையைக் குலைத்துவிட்டு வெளியேறிய பின் அந்த வெற்றிடத்தை நிரப்பியது துப்பாக்கியே என்பதை மறுக்க இயலுமா?

இப்பாடம் காஞ்சிக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் அரியணை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன் இந்நகருக்கு வந்து நரசிம்மவர்மப் பல்லவனிடம் அடைக்கலம் புகுந்தான். சாளுக்கியப் போரில் பல்லவனுக்குத் துணை நின்றான். கைம்மாறாகப் படை பெற்று இலங்கையை வென்றான். ஆனால் பல்லவ வேந்தன் நோயுற்றான் என்ற செய்தி பரவியவுடன் படை காஞ்சிக்குத் திரும்பியது. மானவர்மன் கைப்பற்றியதெல்லாம் கைநழுவியது. மீண்டும் ஒருமுறை படை பெற்றே அவன் முடி சூடினான். இரவல் படையால் வரும் ஆட்சி, அப்படை நிற்கும்வரைதான் நிற்கும் என்பதற்கு இஃது ஒரு பழஞ்சான்று. புதிய சான்று காபூல். இருபது ஆண்டுகள் அமெரிக்கா தாங்கிப் பிடித்த ஆட்சி, 2021 ஆகஸ்டில் அப்படை முற்றும் வெளியேறும் முன்பே வீழ்ந்தது. 2003இல் ஈராக்கில் சதாம் உசேனை வீழ்த்தியவர்கள், தேடிச் சென்ற பேரழிவு ஆயுதங்களைக் காணவில்லை. ஈராக் இராணுவத்தைக் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற பல்லாயிரவரை வேலையின்றித் தெருவில் நிறுத்தினர். அந்தக் குழப்பத்தில் வளர்ந்த வன்முறைக் கும்பல் 2014இல் மோசூல் நகரையே விழுங்கியது.

அப்படியானால் அண்டை வீடு எரிகையில் கைகட்டி நிற்பதா என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான வினா. 1971இல் வங்கதேசத்தில் இந்தியப் படை வெற்றி கண்டது. அங்கே மக்களின் தீர்ப்பு தேர்தலில் தெளிவாக வெளிப்பட்டிருந்தது. ஆட்சியை ஏற்க அம்மண்ணின் தலைவர்கள் இருந்தனர். டிசம்பரில் போர் முடிந்தது, மறு மார்ச்சில் படை திரும்பிவிட்டது. 1987 ஒப்பந்தமும் முழுவதும் வீணன்று. மாகாண சபைகளுக்கு வழிசெய்த 13ஆம் திருத்தம் அதன் பயனே. அதைத் தந்தது பேச்சுவார்த்தை, படையன்று.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது பொருளற்றதன்று. படை அனுப்புக என மேடையில் முழங்குமுன் மூன்று வினாக்களை நாம் எழுப்ப வேண்டும். அம்மண்ணின் மக்கள் அதை வேண்டுகின்றனரா? படை எந்நாள் திரும்பும்? திரும்பிய மறுநாள் அவர்களைக் காப்பவர் யார்? இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில் வீரவுரை வேண்டா.

முள்ளின்மேல் சேலை விழுந்தாலும் சேலைமேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்கே என்பது நம் முதுமொழி. வல்லரசுகள் வரும், போகும். கிழிவது எளிய மக்களின் வாழ்வு. ஒரு பட்டுச் சேலையை நெய்து முடிக்க எத்தனை நாள் ஆகும், அதைக் கிழிக்க எத்தனை நொடி போதும் என்பதைத் தறிகளின் ஓசையில் வளர்ந்த காஞ்சி மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.