கிளாசில் இருப்பது எத்தனை பெக்?

தியாகராய நகரிலும், மயிலாப்பூரிலும், அடையாறிலும் நண்பர்கள் கூடினால் மொட்டை மாடியில் நாலு நாற்காலி போட்டு "காக்டெயில்" கலக்கும் வீடுகள் இப்போது உண்டு.

காக்டெயில் பெரிய வித்தை அல்ல. ஜின், ரம், ஓட்கா போன்ற ஒரு மதுவை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எலுமிச்சம்பழச் சாறு, சர்க்கரைப் பாகு, சோடா, ஐஸ் சேர்க்கிறார்கள். லெமன் சோடா கலக்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

எவ்வளவு மது ஊற்றுவது? எந்தக் கிளாசில் ஊற்றுவது? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த கதை

1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948-ல் அது மாகாணம் முழுவதும் பரவியது. அப்போது பெர்மிட் உள்ளவர் மட்டுமே குடிக்கலாம். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. சில ஆண்டுகளில் திரும்பி வந்தது. பிறகு மீண்டும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது.

2020-ல் கொரோனா வந்தது. மார்ச் மாதம் மூடிய கடைகள் சென்னையில் ஆகஸ்டு 18-ந்தேதிதான் திறந்தன. பார்கள் அப்போதும் திறக்கவில்லை. பாட்டில் வாங்கியவர் அதை வீட்டுக்குத்தானே கொண்டுபோக வேண்டும்?

யார் அளப்பது?

ஓட்டல் பாரில் மது ஊற்றுபவர் கையில் ஒரு சின்ன அளவுக் கிண்ணம் இருக்கும். 30 மில்லி ஊற்றினால் சின்ன பெக். 60 மில்லி ஊற்றினால் பெரிய பெக். அவர் பில் போடுவதற்காகத்தான் அளக்கிறார். குடிப்பவர் மீது உள்ள அக்கறையால் அல்ல! ஆனாலும் எத்தனை பெக் என்பது தெரிந்துவிடுகிறது.

வீட்டில் பில் கிடையாது. பாட்டிலைச் சாய்க்கிறார்கள். கண்தான் அளவு.

நம் நாட்டு விஸ்கி, ரம் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதாவது 100 மில்லியில் ஏறக்குறைய 43 மில்லி ஆல்கஹால். போதை தரும் பொருள் அதுதான். இந்தக் கணக்கில் ஒரு சின்ன பெக்கில் சுமார் 13 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. ஒரு "குவாட்டர்" 180 மில்லி. அது ஆறு சின்ன பெக். இருவர் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று. "பீர்தானே!" என்பவர்களும் கணக்குப் பார்க்கட்டும். 8 சதவீத பீர், 650 மில்லி பாட்டில் ஒன்றில் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. அது நாலு சின்ன பெக்குக்குச் சமம்.

கண் செய்யும் மோசம்

"ஒரு விரல் உயரம் ஊற்று" என்பது வழக்கம். விரலின் கனம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிளாசின் உள்வாய் 5 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஒரு விரல் உயரத்துக்கு சுமார் 30 மில்லி பிடிக்கும். அதுவே 8 சென்டிமீட்டர் அகலமான குட்டைக் கிளாஸ் என்றால் 75 மில்லி பிடிக்கும்! விரல் ஒன்றுதான். ஆனால் இரண்டரை பெக் உள்ளே போய்விடும்.

எவர்சில்வர் டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கவே முடியாது.

எனவே சோடா கலக்கும் பானத்துக்கு உயரமான, ஒடுக்கமான கண்ணாடிக் கிளாஸ் நல்லது. அதில் ஐசுக்கு இடம் இருக்கும். மேல்வாய் சிறிதாக இருப்பதால் சோடாவின் குமிழியும் சீக்கிரம் போய்விடாது. ஐஸ் போடாமல் குளிரக் குளிரக் குடிப்பதற்குக் காம்பு வைத்த கிளாஸ். காம்பைப் பிடித்தால் கையின் சூடு பானத்தில் ஏறாது. விலை உயர்ந்த கிளாஸ் வேண்டியதில்லை. உஸ்மான் சாலைப் பாத்திரக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கிளாசே போதும்.

கிளாசைவிட முக்கியம் அளவு மூடி. இருமல் மருந்தோடு வரும் மூடியில் 5, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். அதைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். மது 30 மில்லி, எலுமிச்சம்பழச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15, சோடா 120. கிளாஸ் நிறைய ஐஸ். ஒரு கலக்குக் கலக்கினால் சரி. மதுவை விட்டுவிட்டு, பாகுக்குப் பதில் நன்னாரி சர்பத் ஊற்றினால் மற்றவர்களுக்கும் பானம் தயார். உண்மையில் சுவை அதிகம் இதில்தான்!

ஆனால் இரண்டையும் ஒரே மாதிரிக் கிளாசில் கொடுக்கக் கூடாது. காக்டெயிலும் இனிக்கும், பார்க்க சர்பத் போலவே இருக்கும். மேஜையில் மிச்சம் வைத்ததைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடலாம். சிறு குழந்தைக்குக் கொஞ்சம் மதுவே ஆபத்து. ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். மதுவுக்கென்று தனி வடிவக் கிளாஸ் இருக்கட்டும். விருந்து முடிந்ததும் முதலில் கழுவ வேண்டியது அதைத்தான்.

பெரியவர்களையும் இந்த இனிப்பு ஏமாற்றுகிறது. மதுவின் காரம் நாக்கில் தெரியாததால் இரண்டாவது, மூன்றாவது கிளாஸ் எளிதாக இறங்குகிறது. கொஞ்சம் குடித்தால் உடம்புக்கு நல்லது என்ற பேச்சும் எடுபடாது. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

வண்டிச் சாவி

விருந்து முடிந்து வீடு திரும்ப வேண்டுமே? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கல்லீரல் ஒரு சின்ன பெக்கைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. காபியோ, மோரோ, குளியலோ அதை அவசரப்படுத்தாது. மயிலாப்பூர் விருந்தில் குட்டைக் கிளாசில் "இரண்டே இரண்டு" குடித்தவர் உண்மையில் குடித்தது ஐந்து பெக்காக இருக்கலாம். இரவு பத்து மணிக்கு அவர் ஸ்கூட்டரை எடுத்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு போய்விடுவார். அந்த ஐந்து பெக் கரைய விடியற்காலை ஆகிவிடும்.