பழைய விடையும் உரிய விடையும்

டி.என்.எஸ். எனும் பெயர்ச் சேவையகங்கள் யாவும் ஒரே வகையில் விடையளிப்பனவல்ல. வலியசாலையிலுள்ள ஆசிரியர் ஒருவர் ‘.இந்தியா’ என முடியும் முகவரியொன்றைத் தேடின், அவ்வினா முதலில் இடைநிலைச் சேவையகத்தை அடையும். முன்னர்ப் பெற்ற விடை நினைவிலிருப்பின் அஃது அதனையே தரும்; இன்றேல் வேர்ச் சேவையகத்தை வினவும். வேர்ச் சேவையகம் எண்ணாலான முகவரியைக் கூறாது, ‘.இந்தியா’வுக்குரிய சேவையகத்தைச் சுட்டும். அஃது, அப்பெயரின் பதிவேட்டைக் கொண்ட உரிமைச் சேவையகத்தைச் சுட்டும். இதன் விடையே முடிவானது.

நினைவிலுள்ள விடைக்கு ஆயுள் விதிப்பதும் உரிமைச் சேவையகமே. அவ்வாயுள் 86,400 நொடியாயின், தளம் இடம்மாறிய பின்னும் ஒருநாள்வரை சிலர்க்குப் பழைய முகவரியே கிடைக்கும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இது நேரின் மாணாக்கர் அல்லலுறுவர். ஆதலின், ஒருநாளேனும் முன்னரே அவ்வாயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்தலும், பழைய தளத்தை உடனே மூடாதிருத்தலும் பொறுப்பாளர் கடமையென வலியுறுத்துகிறோம்.